நின்ற கோபுரமும் விழுந்த கோபுரமும்

லெபனான் நாட்டின் தலைநகர் பெய்ரூட். அங்குள்ள துறைமுகக் கிடங்கில் 2,750 டன் அமோனியம் நைட்ரேட் 2014 முதல் கேட்பாரின்றிக் கிடந்தது. 2020 ஆகஸ்டு 4-ந் தேதி மாலை அது வெடித்தது. 200-க்கும் அதிகமானோர் மாண்டனர்.

பக்கத்திலேயே 48 மீட்டர் உயரத்தில் கான்கிரீட் தானியக் கோபுரங்கள். கிடங்கைப் பார்த்த வரிசை நொறுங்கியது, பின்வரிசை நின்றது. நகரின் மேற்குப் பகுதிக்கு அதுவே கேடயமாயிற்று.

நின்றுவிட்டதால் உறுதி என்று அர்த்தமா? இல்லை!

கான்கிரீட் நெருக்குதலை நன்றாகத் தாங்கும். இழுத்தால் தாங்காது; அந்தப் பலம் சுமார் பத்தில் ஒரு பங்குதான். வெடியின் அதிர்ச்சி அலை முதலில் சுவரை நெருக்குகிறது. உள்ளே ஓடி மறுபக்கத்தை எட்டியதும் இழுவிசையாகத் திரும்புகிறது. அதனால் அடிபட்ட பக்கம் முழுசாக இருக்க, பின்பக்கம் பாளம் பாளமாகப் பெயர்வதும் உண்டு. உள்ளே விரிசல் ஓடும். கம்பியைப் பற்றியிருந்த பிடிப்பு தளரும். மேலே பூசி வெள்ளையடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

கோபுரங்களை இடிக்க லெபனான் அரசு 2022 ஏப்ரலில் முடிவு செய்தது. நினைவுச் சின்னமாக நிற்கட்டும் என்று இறந்தவர்களின் குடும்பத்தார் எதிர்த்தனர். அரசு சொன்ன ஆபத்து பொய்யல்ல. வடக்குக் கோபுரங்கள் மெல்லச் சாய்ந்துகொண்டே இருந்தன. ஜூலையில், உள்ளே தேங்கிய தானியம் புளித்துச் சூடேறித் தீப்பிடித்தது. ஆகஸ்டு முடிவதற்குள் வடபகுதி சரிந்தது.

ஆனால், எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு எழுதியது அவசரம்தான். தென்பகுதி வேறு அடித்தளத்தின் மேல் எழும்பியது. வடபகுதி விழுந்தபோதும் அது விழவில்லை.