பழைய கணினியில் புதிய லினக்ஸ்: காப்புநகலுக்கு எந்த மென்பொருள்?



விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் தகுதி பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு இல்லை. அவற்றைத் தூக்கியெறிய மனமில்லாத ஆசிரிய நண்பர்கள் சிலர் எடை குறைந்த லினக்ஸ் பக்கம் திரும்பியுள்ளனர். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பும் லுபுண்டுவும் 4 கிகாபைட் நினைவகமுள்ள கணினியிலேயே நன்கு இயங்குகின்றன. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால், இயங்குதளம் புதிதானதால் வன்தட்டு புதிதாகிவிடுமா? பத்தாண்டு உழைத்த தட்டு அதே தட்டுதான். என்று வேண்டுமானாலும் நின்றுபோகும்.

எனவே, லினக்ஸை நிறுவியவர் அடுத்துச் செய்ய வேண்டிய வேலை காப்புநகல் ஏற்பாடு. அதற்குரிய மென்பொருள்கள் பல உள்ளன, அனைத்தும் இலவயம். எதைத் தேர்வது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகின்றனர். இது பற்றிய என் கருத்தை இங்கே வைக்கிறேன்.

டைம்ஷிஃப்ட் மட்டும் போதுமா?

லினக்ஸ் மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்னும் மென்பொருள் முன்பே நிறுவப்பட்டிருக்கும். வரவேற்புத் திரையே அதை அமைக்கச் சொல்லும். அமைத்தவுடன், 'என் கோப்புகள் காப்பாகிவிட்டன' என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். இந்த எண்ணம் ஆபத்தானது. டைம்ஷிஃப்ட் காப்பது இயங்குதளத்தை. ஒரு மேம்பாட்டுக்குப் பின் கணினி சரியாகத் தொடங்காவிட்டால் முந்தைய நிலைக்குத் திரும்ப அது உதவும். நாம் எழுதிய வினாத்தாளும் பயிற்றியும் ஒளிப்படமும் இருக்கும் இல்லக் கோப்புறையை அது இயல்பாகவே விலக்கி வைக்கிறது. இது குறையன்று. இயங்குதளத்தைப் பின்னோக்கித் திருப்பும்போது நம் எழுத்துகளும் சேர்ந்து பின்னோக்கிப் போய்விடக் கூடாது என்பதே காரணம். ஆகவே, டைம்ஷிஃப்ட் இருக்கட்டும். நம் கோப்புகளுக்கு வேறொன்று கட்டாயம் வேண்டும்.

என் தேர்வு

அந்த வேறொன்றாக நான் முன்மொழிவது 'பேக் இன் டைம்'. காரணங்கள் மூன்று.

முதலாவது, மீட்பு எளிமை. இம்மென்பொருள் கோப்புகளைக் கோப்புகளாகவே நகலெடுத்து வைக்கிறது. நாளை இம்மென்பொருளே இல்லாத வேறொரு லினக்ஸ் கணினியில் தட்டைச் செருகினாலும் கோப்புறையைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். தொடக்கநிலைப் பயனருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை என்பேன்.

இரண்டாவது, சிக்கனம். இதன் அடித்தளம் 1996இல் வெளிவந்த ஆர்சிங்க் என்னும் கருவி. மாறாத கோப்பை மீண்டும் நகலெடுப்பதில்லை. முந்தைய நகலுக்கே ஓர் இணைப்பை இட்டு வைக்கிறது. அதனால் முப்பது நாளின் நகல்கள் முப்பது மடங்கு இடத்தை அடைப்பதில்லை. பழைய கணினிக்குப் பெருஞ்சுமையும் இல்லை.

மூன்றாவது, மறதிக்கு மருந்து. வெளித்தட்டைச் செருகியவுடன் தானே நகலெடுக்கும்படி அமைக்கலாம். நாள்தோறும் நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை.

'டேஜா டூப்' இதைவிட அழகானது, பொத்தான்கள் குறைவானது என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். கடவுச்சொல்லிட்டுப் பூட்டும் வசதியும் அதில் உண்டு. மாணவர் தன்விவரங்களை வைத்திருப்போருக்கு அது பயனுடையது. ஆனால், அது கோப்புகளைத் தனக்குரிய வடிவில் பொதிந்து வைக்கிறது. திறப்பதற்கு அம்மென்பொருளோ அதன் அடிப்படைக் கருவியோ வேண்டும். கடவுச்சொல்லை மறந்தால் மீட்க வழியே இல்லை. மின்ட்டோடு வரும் காப்புநகல் கருவி மிக எளிது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே பெருங்கோப்பாகக் கட்டிவிடுகிறது. ஆண்டுக்கொரு முறை எடுத்து வைக்க அது ஏற்றது; அன்றாடப் பயனுக்கு அன்று.

செருகுமுன் கவனிக்க

பேக் இன் டைமிலும் ஒரு தொல்லை உண்டு. கடையில் வாங்கும் விரலிகளும் வெளித்தட்டுகளும் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் வருகின்றன. மேலே சொன்ன இணைப்பு முறை அவற்றில் செயற்படாது. ஆகவே, தட்டை முதலில் இஎக்ஸ்டி4 வடிவில் அமைக்க வேண்டும். அப்போது அதிலுள்ளவை அழிந்துபோகும் என்பதால் வெற்றுத் தட்டையே பயன்படுத்துங்கள். அத்தட்டை விண்டோஸ் கணினி நேரடியாகப் படிக்காது. பள்ளிக் கணினியில் திறக்க வேண்டிய கோப்புகளைத் தனி விரலியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழருக்கென ஒரு சொல்

எந்தக் கோப்புறையைச் சேர்ப்பது என்று கேட்கும்போது, 'ஆவணங்கள்' மட்டும் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். நம்மிடம் ஒருங்குறிக்கு முந்தைய கோப்புகள் நிறைய உள்ளன. திஸ்கி, டாம், டாப் போன்ற குறியேற்றங்களில் தட்டச்சு செய்த பழைய கட்டுரைகளும் ஆண்டு மலர்களும் அவற்றுக்குரிய எழுத்துரு இல்லையேல் வெறும் கிறுக்கலாகவே தெரியும். கோப்பு இருந்தும் தமிழ் இல்லாத நிலை அது! நாம் நிறுவிய எழுத்துருக்கள் இல்லக் கோப்புறையில், பெயர் புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புறைக்குள் இருக்கலாம். எனவே, இல்லக் கோப்புறை முழுவதையும் சேருங்கள். இயன்றபோது பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தையும் அழிக்காமல் வையுங்கள்.

ஒரே அலமாரியில் வேண்டா

கணினியும் காப்புத்தட்டும் ஒரே மேசையில் இருந்தால் திருடனுக்கும் வெள்ளத்துக்கும் இரண்டும் ஒன்றாகவே அகப்படும். 2021 திசம்பர் வெள்ளத்தில் சா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒரு படி வேறிடத்தில் என்னும் 3-2-1 நெறி நமக்கு நன்கு பொருந்தும். வேறிடம் என்பது உறவினர் வீடாகவோ இணையச் சேமிப்பகமாகவோ இருக்கலாம். ஆனால், ஒத்திசைவு வேறு, காப்புநகல் வேறு. ஒத்திசையும் கோப்புறையில் ஒன்றை அழித்தால் அங்கும் அது அழியும். குப்பைத்தொட்டியில் சில நாள் கிடப்பதே மிச்சம்.

நிறைவாக ஒன்று. மீட்டுப் பார்க்காத நகலை நகலென்று நம்ப வேண்டா. மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு பழைய வினாத்தாளை நகலிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

நம் நாட்டின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளின் கற்றல் கருவிகளில் ஒரு பெரும்பகுதி அச்சில் இல்லை. தனித்தனி ஆசிரியர்களின் கணினிகளில்தான் இருக்கிறது. ஒருவரின் தட்டு பழுதானால் அவரோடு பிற ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே இழக்கிறோம். இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், அன்பர்களே.