நாலாவது கிட்டார் வாங்குறதுக்கு முன்னாடி...

என் வீட்ல மூணு கிட்டார் இருக்கு, வாசிக்கிறது ஒண்ணுதான். ஆனாலும் சம்பளம் வந்தா கை அடுத்ததைத் தேடுது. வில்லி நெல்சன் 1969-ல வாங்கின மார்ட்டின் என்-20 கிட்டாரைத்தான் அரை நூற்றாண்டு தாண்டியும் வாசிச்சார். வாசிச்சு வாசிச்சே அதுல ஓட்டை விழுந்துடுச்சு. நம்ம கிட்டார்ல விழுறது தூசிதான்!

'நோ காஸ்ட் இஎம்ஐ'ன்னு மயங்காதீங்க. கிரெடிட் கார்டுல போட்டா வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி வரும். பல வங்கிகள் ப்ராசஸிங் ஃபீஸும் எடுக்கும்.

என் கருத்து இதுதான்: ஆசையை அடக்க வேண்டாம், தள்ளிப்போடுங்க. பழைய கிட்டாருக்குப் புது ஸ்ட்ரிங்ஸ் மாட்டுங்க; சத்தமே மாறும். அந்த இஎம்ஐ தொகையை மாசாமாசம் ஆர்டி-ல போடுங்க. முழுப் பணம் சேர்ந்த பிறகும் ஆசை இருந்தா, இருக்கிறதுல ஒண்ணை வித்துட்டு வாங்குங்க. ஆசை போயிடுச்சா? அந்தப் பணம் உங்க எமர்ஜென்சி ஃபண்டுக்கு.