பாட்டுக் கோஷ்டியும் வீடும்

யாழ்ப்பாணத்துக் கோவில்களில் திருவிழாக் காலம் தொடங்கிவிட்டால் இன்னிசைக் கோஷ்டியினர்க்கு ஓய்வென்பதில்லை. சினிமாப் பாடல்களை அச்சொட்டாக இசைக்கும் இக்கலைஞரிற் பலர் பகலில் ஆசிரியராயும் எழுதுவினைஞராயும் உள்ளவர்கள். சுவாமி வீதிவலம் வந்த பின்னரே மேடையேறுவர். விடியற்புறத்தில் வீடு திரும்புவர். ஏழரை மணிக்குப் பாடசாலையில் நிற்பர்.

பிறர் பாட்டைப் பாடுபவனுக்குப் புகழ் குறைவு, உழைப்போ குறைவன்று. புதிய படம் வந்தாற் புதிய பாட்டு. ஆகவே, கச்சேரியில்லாத இரவையும் ஒத்திகை விழுங்கிவிடுகின்றது. வீட்டார் கேட்பது பணத்தையன்று, அந்த இரவையே என்பதை யாம் பலர் வாயிலாக அறிவோம்.

பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பீட்டில்ஸ் குழுவினரும் 1960 இல் ஹம்பேர்க் நகருக்குச் சென்று, பெரும்பாலும் பிறர் பாடல்களையே இரவிரவாக இசைத்தவர்கள். அவர்களுள் ஜோன் லெனன் 1962 ஆகஸ்ட் 23 இல் மணம் முடித்தார். அன்றிரவே செஸ்ரர் நகரில் மேடையேறினார். இதனைக் கலைப்பற்றுக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். எமக்கோ அந்த மணமகளின் நினைவே எழுகின்றது.

கோஷ்டித் தலைவர்கள் மாதத்திற் சில நாட்களை ஒப்புக்கொள்ளாது விடலாந்தான். ஆனால், மறுத்தால் அடுத்த ஆண்டு அழைப்பு வராதென்ற அச்சம் அவர்களுக்குண்டு. பொறுப்பு முழுவதையும் அவர்கள் தலையிற் சுமத்துதல் நியாயமன்று. உபயகாரர்கள் பூசை முடிந்ததும் தாமதியாது நிகழ்ச்சியைத் தொடங்குவிக்கட்டும்; நள்ளிரவில் முடிப்பிக்கட்டும்; பேசிய பணத்தை மேடையிலிருந்து இறங்கும்போதே கொடுக்கட்டும். திருவிழா நோட்டீசு அச்சுக்குப் போகுமுன்னரே இவற்றைப் பேசி முடித்துக்கொள்வது இரு பகுதியார்க்கும் நலம்.