வலியா, போதையா? மருத்துவக் குறிப்பும் மனித மாண்பும்

பழனிக்கு அருகிலுள்ள ஆயக்குடி என்றதும் கொய்யாப்பழம் நினைவுக்கு வரும். போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அங்குள்ள மரத்தடி இலவசப் பயிற்சி மையம் நினைவுக்கு வரும். அரசு வேலைக்காகக் காத்திருக்கும் நம் பகுதிப் பட்டதாரிகளுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. அதன் பெயர் மெடிக்கல் கோடிங். உயிரியல், நர்சிங், பார்மசி படித்தவர்கள் சில மாதப் பயிற்சி பெற்று, சென்னை, கோவை, திருச்சி போன்ற நகரங்களில் இந்த வேலையில் சேருகிறார்கள். அமெரிக்க மருத்துவர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் பதிவு செய்வது இவர்கள் பணி. அந்த எண்களை வைத்தே காப்பீட்டு நிறுவனம் பணம் தருகிறது.

அந்த எண்களுள் ஒன்று நம் சிந்தனைக்கு உரியது. இசட் 76.5 என்பது அது. நோய் இருப்பதாகத் தெரிந்தே நடிப்பவர் என்பது அதன் அதிகாரப்பூர்வமான பொருள். போதை தரும் வலி நிவாரணிக்காகவே ஒருவர் வருகிறார் என்று மருத்துவர் எழுதினால், அமெரிக்காவில் பெரும்பாலும் இந்த எண்தான் நாடப்படுகிறது. நோயாளியின் கோப்பில் அது ஏறிவிட்டால், அடுத்த மருத்துவர் அவர் முகத்தைப் பார்க்கும் முன்பே அந்த எண்ணைப் பார்க்கிறார்.

மருத்துவர்கள் சந்தேகப்படுவதற்குக் காரணம் உண்டு. 1996இல் பர்டூ நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது அடிமைப்படுத்தும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றதற்காக, 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2020இல் அந்நிறுவனம் மீண்டும் குற்றங்களை ஒப்புக்கொண்டது. 2021ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் அளவுக்கு மீறிய போதைமருந்தால் ஒரு இலட்சத்திற்கும் அதிகமானோர் இறந்தனர். இதைக் கண்ட மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதத் தயங்குவது இயல்பே.

ஆனால் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. அரிவாள் செல் இரத்தசோகை உள்ளவர்களுக்குத் தாங்க முடியாத வலி திடீரெனத் தாக்கும். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இந்நோய் உள்ள ஒருவரைப் பற்றிய இருவகைக் குறிப்புகள் 400க்கும் மேற்பட்ட மருத்துவ மாணவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் தரப்பட்டன. மருத்துவ விவரம் ஒன்றே. சொற்கள் மட்டும் வேறு. ஐயமும் இகழ்ச்சியும் தொனிக்கும் குறிப்பைப் படித்தவர்கள் நோயாளியைப் பற்றித் தாழ்வாக எண்ணினார்கள். வலிக்கான சிகிச்சையையும் குறைத்தே பரிந்துரைத்தார்கள். எழுதியவரின் சந்தேகம் படித்தவரின் தீர்ப்பாகிவிட்டது. வலி தணியாதவரும் மருந்தைக் கேட்டுக் கெஞ்சுவார். போதைக்கு அடிமையானவரும் கெஞ்சுவார். வெளித்தோற்றத்தில் இருவரும் ஒன்றுபோலவே தெரிவார்கள். இரண்டும் ஒருவரிடமே இருப்பதும் உண்டு.

இங்கே நம் இளைஞர்களின் பங்கு என்ன? மருத்துவர் எழுதாத ஒன்றைக் கோடிங் செய்பவர் தாமாக ஊகித்துப் பதியக்கூடாது என்பது இத்தொழிலின் அடிப்படை விதி. பயன்பாடு, தவறான பயன்பாடு, சார்ந்திருத்தல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. மருத்துவர் சொன்னபடி நீண்ட நாள் வலி மருந்து உட்கொள்பவருக்கும் வேறு எண் உண்டு. குறிப்பு தெளிவாக இல்லையென்றால் மருத்துவரிடமே விளக்கம் கேட்க வேண்டும். நாளுக்கு இத்தனை கோப்புகள் என்ற இலக்கு நெருக்கும்போது, அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கு மனச்சான்று வேண்டும். கடல் கடந்து வாழும், ஒருபோதும் நேரில் காணாத ஒருவருக்கு நாம் செய்யும் நீதி அது.

இது அமெரிக்கச் சிக்கல் மட்டுமன்று. வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் தமிழக நாளேடுகளில் அடிக்கடி வருகின்றன. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு, அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் இந்தியாவில் சுமார் 2.26 கோடிப் பேர் என்றது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்1 பட்டியலின்படி, அதிலுள்ள மருந்துகளை விற்கும் கடைக்காரர், மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2018இல் டிரமடால் மருந்தும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்தது. இவை தேவையான காவல்கள்.

எனினும் காவல் மிகுந்தால் என்ன ஆகும் என்பதையும் நம் நாடு கண்டிருக்கிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடியால் புற்றுநோயாளிகளுக்கு மார்பின் கிடைப்பதே அரிதானது. கேரளத்தின் வலி தணிப்பு மருத்துவர்களும் மற்றவர்களும் பல ஆண்டுகள் போராடிய பிறகே, 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. சந்தேகத்தின் விலையைச் சாகும் தறுவாயில் இருந்தவர்கள் கொடுத்தார்கள்.

2021இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தால் நம் மருத்துவக் குறிப்புகளும் கணினியில் சேர்கின்றன. ஆயக்குடியில் எழுதப்படும் ஒரு சொல் நாளை மதுரையிலும் சென்னையிலும் வாசிக்கப்படலாம். எனவே என்ன எழுதுகிறோம் என்பது முன்பைவிடப் பெரிய பொறுப்பு.

பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்திய பெண்ணை மாற்கு நற்செய்தி காட்டுகிறது. மருத்துவர் பலரிடம் சென்றாள், கையிலிருந்ததெல்லாம் செலவழித்தாள், நிலைமை மோசமானது. தீட்டுள்ளவள் என்ற முத்திரையோடு கூட்டத்தில் ஒளிந்து வந்தாள். இயேசு அவளை நிறுத்தினார். அவள் தன் கதை முழுவதையும் சொல்லும்வரை கேட்டார். பிறகு மகளே என்று அழைத்தார். போதிய ஆதாரமின்றிப் பிறர்மேல் குற்றத்தை உண்மையென ஏற்பது பாவம் என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 2477ஆம் எண்ணில் கற்பிக்கிறது. அதே ஏடு, போதைப்பொருள் உடலுக்கும் உயிருக்கும் பெருந்தீங்கு என்பதையும் 2291ஆம் எண்ணில் தெளிவாகச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்ததே கிறிஸ்தவப் பார்வை.

அப்படியானால் மருத்துவர் என்ன எழுதலாம்? தீர்ப்பை விட்டுவிட்டு, கண்டதை எழுதலாம். இம்மாதம் மூன்றாம் முறை வந்தார், இந்த மருந்தைப் பெயர் சொல்லிக் கேட்டார், பரிசோதனையில் இது தெரிந்தது என எழுதினால், உண்மையும் நிற்கும், மனிதரும் நிற்பார். போதைப் பழக்கம் உறுதியானால் அதை நோயாகவே எழுதிச் சிகிச்சைக்கு அனுப்பலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்து, சிகிச்சை பெறும் உரிமையையும் இரகசியக் காப்பையும் தருகிறது.

பங்கு அளவில் நாமும் செய்யக்கூடியது உண்டு. போதையில் சிக்கிய பிள்ளையைக் குடும்பம் மறைத்து வைக்காமல், 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் உதவி கேட்க வழிகாட்டலாம். இளையோர் குழுக்களில் மெடிக்கல் கோடிங் பணியாளர்களை அழைத்து, அவர்கள் வேலையின் அறநெறியைப் பற்றிப் பேசலாம். வலியால் துடிப்பவரை நடிக்கிறார் என்று சொல்லும் பழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது. முதியோரிடமும் மாதவிடாய் வலியுள்ள பெண் பிள்ளைகளிடமும் அதை எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! அடுத்தமுறை ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால், முழுவதும் கேட்போம், பிறகு பேசுவோம்.