சொந்த ரத்தமே சொட்டு மருந்து... சோதிக்கப் போவது யார்?

எண்ணூரில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர், திருவொற்றியூரில் வெல்டிங் வைப்பவர், காசிமேட்டில் வெயிலில் நிற்பவர்... கண் எரிந்தால் எல்லோரும் செய்வது ஒன்றுதான். நன்றாகக் கசக்கிவிட்டு, "தூசிப்பா" என்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் ஏதாவது ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு அடுத்த ஷிப்டுக்குப் போய்விடுவார்கள்.

சில பேருக்கு அது வெறும் தூசி இல்லை. கண்ணீர் போதிய அளவு சுரக்காமலோ, சுரந்தது சீக்கிரம் ஆவியாகியோ கண் உலர்ந்து போகிறது. புகையும் அனலும் அதை இன்னும் மோசமாக்கும். பெரும்பாலானவர்களுக்குச் செயற்கைக் கண்ணீர் போதும். ஷோக்ரென் போன்ற நோயால் கண் கடுமையாக உலர்ந்தவர்கள் பலருக்கு அது போதாது.

அவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அவர்கள் ரத்தத்தையே எடுத்து, உறைய விட்டு, மெஷினில் சுற்றினால் மேலே தெளிவாக சீரம் நிற்கும். அதைப் பெரும்பாலும் 20 சதவீத அளவில் சலைனில் கலந்து கண்ணில் விடுகிறார்கள். உறைய விடாமல் பிரிக்கும் பிளாஸ்மாவிலும் இப்படிச் செய்வதுண்டு. நிஜக் கண்ணீரில் இருக்கும் வைட்டமின் ஏ, வளர்ச்சிக் காரணிகள் எல்லாம் இதிலும் உண்டு. (வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை, கிருமி சேர்ந்தால் கண்ணே போய்விடும்!)

உலர் கண்ணுக்கு இதைப் பயன்படுத்திய ஆய்வு அமெரிக்காவில் 1984-லேயே வந்துவிட்டது. ஆனால் பாருங்கள், 2017-ல் காக்ரேன் அமைப்பு முறையான சோதனைகளைத் தேடியபோது கிடைத்தது மொத்தம் 5 தான். அவற்றில் இருந்தவர்கள் 92 பேர். முதல் இரண்டு வாரம் ஓரளவு பலன் இருக்கலாம், அதற்குப் பிறகு உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்றது முடிவு. 33 வருடத்தில் 92 பேர்!

காரணத்தைக் கணக்குப் புத்தகத்தில் தேட வேண்டும். அவரவர் ரத்தத்தில் அவரவருக்கே செய்யும் மருந்தை அட்டைப்பெட்டியில் போட்டு விற்க முடியாது. லாபம் வராத சரக்குக்கு எந்தக் கம்பெனி கோடிகளைக் கொட்டும்?

ஆகவே இது அரசு செய்ய வேண்டிய வேலை. 1819-ல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனை இருக்கிறது, ராயபுரத்துக்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி இருக்கிறது. அங்கே ஆறு மாதமாவது நடக்கிற பெரிய சோதனை வேண்டும். பலன் உண்டா என்பதோடு இன்னும் சில கேள்விகளும் கேட்க வேண்டும். கெட்டுப்போகாமல் குளிரில் வைக்க வேண்டிய பாட்டிலை லாரிக்காரர் எங்கே வைப்பார்? ரத்தம் கொடுக்க வரும் நாளின் கூலியை யார் தருவார்?

"ஏழைகளை வைத்துச் சோதனையா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விவரம் சொல்லி, சம்மதம் வாங்கி, கூலி நஷ்டத்தை ஈடுகட்டி, முடிவையும் அவர்களிடமே சொல்லிவிட்டால் அது சுரண்டல் ஆகாது. சோதிக்காமலே விட்டால் அவர்களுக்கு மிஞ்சுவது கண்ணைக் கசக்குவது மட்டும்தான்.

இன்னொன்று நண்பர்களே, மருந்து வந்துவிட்டால் தூசி கிளப்புகிறவர்கள் தப்பித்துவிடக் கூடாது. அந்தக் கணக்கு தனி.