மரத்துக்கு ஒரு சிரட்டை, சி.பி.யு.வுக்கு ஒரு டைமர்



நம்ம லேபில் வருஷம் முழுக்கக் கேட்கிற வசனம் ஒன்று உண்டு. "மக்கா, சிஸ்டம் இழுக்குது!" மருந்தும் உடனே ரெடி: ராம் கூட்டணும், இல்லன்னா மெஷினையே மாத்தணும். எதனால் இழுக்கிறது, யாராவது அளந்து பார்த்தீர்களா என்று கேட்டால் மட்டும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். நாடி பிடிக்காமல் மருந்து கொடுக்கிற வைத்தியரிடம் நாம் போவோமா? நாடி பிடிக்கிற கருவி லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அது பி.இ. படித்தவர்களுக்கும் ஐ.ஐ.டி.காரர்களுக்கும் மட்டும் உரிய சமாசாரம் என்று ஒதுங்குவது நமக்கு நாமே செய்துகொள்ளும் அநியாயம் என்பதே என் கருத்து.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது புதிதல்ல. 1930-களில் இங்கிலாந்தின் பருத்தி ஆலைகளில் எல்.எச்.சி. டிப்பெட் என்ற புள்ளியியலாளர் ஒரு வழி கண்டார். ஸ்டாப் வாட்சோடு நாள் பூராவும் தறியின் பக்கத்தில் நிற்க வேண்டாம். இடையிடையே ஒரு பார்வை பார்த்து, தறி ஓடுகிறதா, நிற்கிறதா என்று குறித்தால் போதும். பார்வைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் உண்மையான விகிதம் தானே வந்துவிடும். நம் புத்தகத்தில் வரும் 'ஒர்க் சாம்ப்ளிங்' இதுதான்.

கெர்னலும் இதையேதான் செய்கிறது. டைமர் அடிக்கும், சி.பி.யு. ஒரு கணம் நிற்கும்; எந்த இன்ஸ்ட்ரக்ஷனில் இருந்தாய் என்று குறித்துக்கொண்டு அதை விட்டுவிடும். வினாடிக்கு 99 முறை, 4 சி.பி.யு., 30 வினாடி என்றால் 11,880 குறிப்புகள். அதில் பாதி ஒரே ஃபங்ஷனில் விழுந்தால் நேரமும் பாதி அங்கேதான் போகிறது.

சரி, ஒரே டைமர் வைத்து நான்கையும் பார்க்கக் கூடாதா? குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். மரத்துக்கு ஒரு சிரட்டை. எல்லா மரத்துக்கும் சேர்த்து ஒரே குடம் வைத்தால் எந்த மரம் எவ்வளவு பால் தந்தது என்று தெரியாது; குடத்தடியில் நெரிசல் வேறு. அதனால் ஒவ்வொரு சி.பி.யு.வுக்கும் சொந்த டைமர், குறிப்புகளைச் சேர்க்கச் சொந்த பஃபர். ஒருவர் பஃபருக்காக இன்னொருவர் பூட்டுப் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதை அழகாகச் செய்தது ஓப்ரொஃபைல். அதன் டைமர் பகுதி நூற்றுச்சொச்சம் வரியுள்ள ஒரே சி கோப்பு. ஒரு தடவை வாசித்துப் பாருங்கள், அதில் எவ்வளவு கவனம் இருக்கிறது என்று புரியும். துவக்கும்போது எல்லா சி.பி.யு.வுக்கும் ஆள் அனுப்பி, அவரவர் டைமரை அவரவரே துவக்கச் சொல்கிறது. அந்த டைமர் வேறு சி.பி.யு.வுக்கு நகர்ந்துவிடாதபடி ஆணியும் அடிக்கிறது. நகர்ந்தால் ஒருவன் கணக்கு இன்னொருவன் தலையில் ஏறுமே! ஓட்டத்தின் நடுவில் ஒரு சி.பி.யு. அணைக்கப்பட்டால் அதன் டைமரை ரத்து செய்ய வேண்டும். புதிதாக ஒன்று எழுந்து வந்தால் அதற்கும் துவக்க வேண்டும். ஆனால் சாம்ப்ளிங் அப்போது நடந்துகொண்டிருந்தால் மட்டுமே. அதைச் சொல்ல ஒரே ஒரு கொடி மாறி. நாம் மெமரி கேட்டு வாங்கிவிட்டு விடுவிக்க மறக்கிற பிள்ளைகள். இந்த வரிகளை நாலு தடவை படிக்கலாம்.

பின்னால் 2009-ல் பெர்ஃப் வந்து அதன் வேலையை எடுத்துக்கொண்டது. 2021-ல் வந்த 5.12 கெர்னலிலிருந்து ஓப்ரொஃபைல் பகுதி நீக்கப்பட்டது. நீக்கும் வேலையைச் செய்தவர் நம் நாட்டு விரேஷ் குமார். பழைய பதிப்புகளில் கோப்பு இன்னமும் இருக்கிறது.

டைமர் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் மணி அடித்தால் மட்டும் எட்டிப் பார்க்கிறவருக்கு, மணிக்கொரு தடவை புறப்படுகிற பஸ் நாள் முழுக்க அங்கேயே நிற்பதாகத் தோன்றும். வினாடிக்கு 100 என்று வைக்காமல் 99 என்று வைப்பது இதற்காகத்தான். இன்டரப்டை அடைத்துவிட்டு ஓடுகிற கோடையும் டைமரால் பிடிக்க முடியாது; இன்டரப்ட் திறக்கிற இடத்தில் நிற்கிறவன் மாட்டிக்கொள்வான். ஹார்டுவேர் கவுண்டர் இருந்தால் அந்தக் குறை இல்லை. ஆனால் நாம் விர்ச்சுவல் மெஷினில் லினக்ஸ் போட்டால் பெரும்பாலும் அது கிடைக்காது. பெர்ஃப் தானாகவே டைமருக்கு இறங்கிவிடும். ஆசைப்பட்டு வேகத்தைக் கண்டபடி ஏற்றினாலோ, அளக்கிற வேலையே சி.பி.யு.வைத் தின்னும்.

நமக்கு இதெல்லாம் எங்கே என்கிறீர்களா? 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வந்த கணினிகள் பலவற்றில் சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் இருந்தது. அதைத் திறந்துகூடப் பார்க்காமல் சினிமா பார்த்தவர்களே அதிகம்! இப்போதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டம் பிராக்டிகலில் ஒரு பயிற்சி சேரட்டும். ஒரு பெரிய ஸ்ட்ரிங்கை எழுத்தெழுத்தாக ஓட்டும் லூப் எழுதுங்கள். அதன் நிபந்தனைக்குள்ளேயே ஸ்ட்ரிங் நீளம் கேட்கும் ஃபங்ஷனை வையுங்கள். ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்து பெர்ஃப் போடுங்கள். குறிப்புகள் எல்லாம் அந்த நீளம் பார்க்கும் ஃபங்ஷனில் குவிந்து கிடக்கும். நீளத்தை லூப்புக்கு வெளியே ஒரே தடவை எடுத்து வைத்தால் புரோகிராம் பறக்கும். இதற்கு எத்தனை ஜி.பி. ராம் போட்டும் பிரயோஜனம் இருந்திருக்காது, பாத்துக்கிடுங்க.

ஒரு தடை உண்டு. சாதாரண யூசர் கெர்னலையும் முழு சிஸ்டத்தையும் அளக்கப் பல லினக்ஸ்களில் அனுமதி இருக்காது. லேப் பொறுப்பாசிரியர் ரூட்டில் நுழைந்து ஒரு செட்டிங்கைத் தளர்த்த வேண்டும், ஒரு வரிக் கமாண்டு. புதுக் கணினி கேட்டு மன்றம் எழுதுகிற மனுவில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.