“அரசியல் பேசாதே!” – யார் போடும் உத்தரவு?

கம்ப்யூட்டர்த் தொழில் வட்டாரங்களில் சில ஆண்டுகளாக ஒரு கோஷம் பலமாக ஒலித்து வருகிறது. “இங்கே தொழில்நுட்பம் மட்டும் பேசுங்கள், அரசியலை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்” என்பதே அந்தக் கோஷம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நிரலில் உள்ள கோளாறைத் தீர்ப்பதற்காகப் பத்துப்பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒருவர் எழுந்து தேர்தல் பிரசாரம் செய்தால் மற்றவர்களுக்கு எரிச்சல் வராதா? வேலைக்குச் சம்பந்தமில்லாத சண்டையால் நல்ல கூட்டங்கள் கலைந்துபோவதும் உண்டு. இதையெல்லாம் நாம் மறுக்கவில்லை. ஆனால், இது வேலை, இது அரசியல் என்று கோடு கிழிப்பவர் யார்? நம்முடைய கேள்வி இதுதான்.

லினக்ஸ் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 1991-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது அது. இன்று நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனும், உலகின் மிகப் பெரிய விஞ்ஞானக் கம்ப்யூட்டர்களும் அதைக் கொண்டே இயங்குகின்றன. பல தேசத்து உழைப்பாளிகள் சேர்ந்து கட்டிய பொதுச் சொத்து. “எந்த ஊர், என்ன நிறம் என்று பாரோம், எழுதிய நிரல் சரியாக இருக்கிறதா என்று மட்டுமே பார்ப்போம்” என்பது அந்த வட்டாரத்தின் நெடுநாளைய பெருமை.

2024 அக்டோபரில் அந்தப் பெருமைக்கு என்ன நேர்ந்தது? ரஷ்யாவோடு தொடர்புடைய பத்துக்கும் மேற்பட்ட பராமரிப்பாளர்களின் பெயர்கள் ஒரே வீச்சில் பட்டியலிலிருந்து அகற்றப்பட்டன. சட்ட நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டியிருக்கிறது என்ற தோரணையில் சுருக்கமான ஒரு குறிப்பு, அவ்வளவுதான். எந்தச் சட்டம், யாருடைய நிபந்தனை என்று பலர் கேட்டார்கள். டோர்வால்ட்ஸ் காரமாகப் பதில் சொன்னார். தாம் பின்லாந்துக்காரர் என்பதை நினைவூட்டி, ரஷ்ய ஆக்கிரமிப்பைத் தாம் ஆதரிப்பதாவது என்று கேட்டார். அமெரிக்க சர்க்காரின் தடைப் பட்டியலிலுள்ள கம்பெனிகளில் வேலை செய்வோரைப் பற்றியது இது என்ற தெளிவான விளக்கம் பிறகுதான் வந்தது.

டோர்வால்ட்ஸ் தம் அபிப்பிராயத்தைச் சொன்னதில் நாம் குற்றம் காணவில்லை. அந்த உரிமை அவருக்கு உண்டு. சொல்லப்போனால், அந்த மழுப்பலான குறிப்பைவிட அவருடைய கோபம் நேர்மையானது. ஆனால் நீக்கப்பட்டவர்கள் யுத்தத்தை ஆதரித்துப் பேசினார்கள் என்றா நீக்கப்பட்டார்கள்? இல்லை. அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. லினக்ஸ் ஸ்தாபனத்தின் தலைமையிடம் அமெரிக்காவில் இருக்கிறது. ஆகவே அமெரிக்கச் சட்டம். நிரல் எழுதுகிறவன் அரசியல் பேசக் கூடாது. வாஷிங்டன் பேசினால் மட்டும் எழுந்து நின்று கேட்க வேண்டும்! விசித்திரமான நடுநிலைமை இது.

இது முதல் தடவையும் அல்ல. 2018-ல் மைக்ரோசாப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கிய கிட்ஹப், 2019 ஜூலையில் ஈரான், சிரியா, கிரிமியா பகுதிகளிலிருந்த புரோகிராமர்களின் கணக்குகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. தாம் எழுதிய நிரலையே எடுக்க முடியாமல் பலர் தவித்தார்கள். ஈரானியர்களுக்கு அந்தத் தடை நீங்குவதற்கு அமெரிக்க சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. அது கிடைத்த செய்தி 2021 ஜனவரியில்தான் வந்தது. தெஹ்ரானில் உள்ள ஓர் இளைஞனிடம் போய் “தொழில்நுட்பத்தில் அரசியல் வேண்டாம்” என்று உபதேசித்தால் அவன் சிரிக்க மாட்டானா?

முதலாளிகள் இந்தக் கோஷத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. காயின்பேஸ் என்ற கிரிப்டோ நாணயக் கம்பெனியின் தலைவர் 2020 செப்டம்பரில், கம்பெனியின் லட்சியத்துக்குப் புறம்பான அரசியல் ஆபீசில் கூடாது என்று அறிவித்தார். பிடிக்காதவர்கள் பணம் வாங்கிக்கொண்டு போகலாம் என்றார். சுமார் 60 பேர் போனார்கள். அதே கம்பெனி 2024 அமெரிக்கத் தேர்தலில் தன் தொழிலுக்குச் சாதகமான வேட்பாளர்களுக்காகக் கோடிக்கணக்கான டாலர்களைக் கொட்டியது. இதில் முரண்பாடு இல்லை என்று அவர்கள் வாதிடலாம். கிரிப்டோதான் அவர்களுடைய லட்சியமாயிற்றே! பேஸ்கேம்ப் கம்பெனியில் நடந்தது இன்னும் வெளிப்படை. வாடிக்கையாளர்களின் பெயர்களைக் கேலி செய்து வைத்திருந்த பட்டியல் ஒன்றை ஊழியர்கள் பிரச்னையாக எழுப்பினார்கள். ஆபீஸ் விவகாரம் அது. 2021 ஏப்ரலில் நிர்வாகம் போட்ட உத்தரவோ, சமூக, அரசியல் விவாதமே கூடாது என்பது. ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறினார்கள்.

நம் நாட்டு அனுபவமும் ஒன்று உண்டு. 2004 டிசம்பரில் வந்த காப்புரிமை அவசரச் சட்டம் மென்பொருள் காப்புரிமைக்குக் கதவைத் திறந்துவிட்டது. சுதந்திர மென்பொருள் இயக்கத்தார் எதிர்த்தனர். இடதுசாரிகள் நாடாளுமன்றத்தில் நிர்ப்பந்தித்தனர். 2005-ல் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பகுதி இல்லை. புரோகிராமர்கள் அன்று “நமக்கேன் அரசியல்” என்று இருந்திருந்தால்?

எந்த இடத்திலும் எதையும் பேசலாம் என்று நாம் சொல்லவில்லை. கையிலுள்ள வேலையோடு சம்பந்தப்பட்டதா என்பது ஒரு நியாயமான அளவுகோல். அந்த விதியை உழைப்பவர்கள் கூடி வகுக்கட்டும், எழுத்தில் இருக்கட்டும், ஒருவரை நீக்கினால் காரணத்தை முதல் நாளே முழுமையாகச் சொல்லட்டும். தாம் செய்யும் பொருள் எதற்குப் பயன்படுகிறது என்ற கேள்வி மட்டும் எந்த விதியாலும் வெளியே தள்ளப்படக் கூடாது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? 2018-ல் கூகுள் ஊழியர்கள் 3,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு, டிரோன் விமானப் படங்களை ஆராய்வதற்காக அமெரிக்க ராணுவத்தோடு செய்துகொண்ட மேவன் ஒப்பந்தத்தைக் கைவிடக் கோரினார்கள். நிர்வாகம் பணிந்தது, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆயுதங்களுக்கு எங்கள் செயற்கை அறிவு பயன்படாது என்றும் வாக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே, வேலை நேரத்தில் அரசியல் விவாதம் வேண்டாம் என்ற விதி வந்தது. 2024 ஏப்ரலில், இஸ்ரேல் சர்க்காரோடுள்ள நிம்பஸ் ஒப்பந்தத்தை எதிர்த்து ஆபீசில் உள்ளிருப்புப் போராட்டம் நடந்ததும் முதலில் 28 பேர், பிறகு மேலும் பலர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். வேலைக்கு இடையூறு செய்தார்கள் என்பது நிர்வாகத்தின் வாதம். 2025 பிப்ரவரியில், ஆயுதம் பற்றிய அந்த வாக்குறுதியும் கூகுளின் கொள்கை அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்டது. அதைத் திரும்ப எழுதுமாறு கோர, அந்தக் கம்பெனியின் ஊழியர்களைவிட அதிக உரிமை உள்ளவர் வேறு யார்?